எக்ஸ்ரே அறையிலிருந்து: வாசகர் கேள்வி பதில்

(பெங்களூரில் 31 வருடம் ரேடியோகிராபராக வேலை பார்த்து ஓய்வு பெற்ற அம்மா ஒருவர் பதில் சொல்கிறார்.)

கேள்வி: நான் வாணியம்பாடிப் பையன். பெங்களூரில் மெடிக்கல் இமேஜிங் இரண்டாம் வருடம். பொசிஷனிங் (படத்துக்கு ஆளை நிறுத்தும் விதம்), கேவி, எம்ஏஎஸ் (எக்ஸ்ரேயின் வீரியத்தையும் அளவையும் வைக்கும் எண்கள்) எல்லாம் வாய்ப்பாடு மாதிரி ஒப்பிப்பேன். ஆனால் உடம்பு முடியாதவர்களைத் தொட்டாலே கை நடுங்குகிறது. போன வாரம் ஒரு பாட்டியை ஸ்ட்ரெச்சரிலிருந்து மேஜைக்கு மாற்றும்போது, குழாயில் மாட்டியிருந்த மூத்திரப் பையைத் தூக்கி அவர் வயிற்றின்மேல் வைத்துவிட்டேன். சிஸ்டர் எல்லார் முன்னாலும் திட்டினார். சீனியர்களோ, "நமக்குப் படம்தான் முக்கியம், மற்றதை நர்ஸ் பார்த்துக்கொள்வார்" என்கிறார்கள். யார் சொல்வது சரி?

பதில்: சிஸ்டர் சொன்னதுதான் சரி தம்பி. தனியாகக் கூப்பிட்டுத் திட்டியிருக்கலாம், அவ்வளவுதான். அந்தப் பை சிறுநீர்ப்பையைவிட உயரத்துக்குப் போனால், வெளியே வந்த மூத்திரம் கிருமியோடு திரும்ப உள்ளே இறங்கும். நான் சேர்ந்த முதல் நாள் ஒரு வார்டு பாய் சொல்லிக்கொடுத்தார்: "சலைன் மேலே, மற்றதெல்லாம் கீழே." சலைன் பாட்டிலைக் கீழே வைத்தால் குழாயில் ரத்தம் ஏறிவிடும். நெஞ்சில் குழாய் போட்டவர் வந்தால், அந்த பாட்டில் நெஞ்சுக்குக் கீழே, நிமிர்ந்தபடி இருக்க வேண்டும். குழாயை நீங்களாகக் கிளிப் போட்டு அடைக்கக் கூடாது. இன்னொன்று, ஆளைத் தொடுவதற்கு முன் அவர் உடம்பிலிருந்து எத்தனை குழாய் வெளியே வருகிறது என்று எண்ணிக்கொள்ளுங்கள். நான் சத்தமாகவே எண்ணுவேன். நோயாளிகள் சிரிப்பார்கள்.

வீல்சேர் விஷயத்தில் என் கதையையும் கேளுங்கள். வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது மாதம், பிரேக் போடாமல் ஒரு தாத்தாவை எழுப்பினேன். வண்டி பின்னால் நழுவ, அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். நல்லவேளை, அடி இல்லை. "பரவாயில்ல கண்ணு, விடு" என்று அவர்தான் எனக்குச் சமாதானம் சொன்னார். அதற்கப்புறம் இரண்டு பக்கமும் பிரேக் போட்டு, வண்டியை ஒரு தரம் ஆட்டிப் பார்க்காமல் யாரையும் எழுப்பியதில்லை. கால் வைக்கும் பலகையை மடக்கிவிடுங்கள். பக்கவாதம் வந்தவரென்றால், நல்ல பக்கம் மேஜையை ஒட்டி இருக்கட்டும். விழுந்த கையைப் பிடித்து இழுத்தால் தோள்மூட்டு நழுவிவிடும்.

சீனியர்கள் சொல்லும் அந்தப் "படம்" இருக்கிறதே, அது கெடுவதும் பெரும்பாலும் இந்த இடத்தில்தான். நான் வேலூரிலிருந்து வந்த புதிதில், நெஞ்சுப் படத்துக்கு "உசிரு தகொள்ளி" (மூச்சை இழுங்கள்) வரைக்கும் கன்னடத்தில் சொல்லிவிட்டு, பழக்கதோஷத்தில் "பிடி" என்பேன். கன்னடத்தில் "பிடி" என்றால் விடு! நம் "பிடி" அங்கே "ஹிடி". நல்லா இழுத்த மூச்சை, நான் பட்டனை அழுத்துகிற நேரத்தில் புஸ்ஸென்று விட்டுவிடுவார்கள். உதரவிதானம் மேலே ஏறி, இதயம் பெரிதாகத் தெரியும். மறுபடி எடுக்க வேண்டும். என் ஒரு சொல்லால் அவர்களுக்கு இரண்டு மடங்கு கதிர். இப்போது உங்கள் அறைக்குத் தமிழ், தெலுங்கு, உருது, இந்தி எல்லாம் வரும். அதனால் கண்ணாடிக்குப் பின்னால் போவதற்கு முன்பே, பக்கத்தில் நின்று ஒரு ஒத்திகை பாருங்கள். நீங்கள் இழுத்துக் காட்டுங்கள், அவர் இழுக்கட்டும். அப்புறம் போய்ப் பட்டனை அழுத்துங்கள்.

பெயரைக் கேட்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. "நீங்கதானே லட்சுமம்மா?" என்றால் காது கேட்காத பாட்டியும் தலையாட்டுவார். இந்த ஊரில் ஒரே பெஞ்சில் மூன்று லட்சுமம்மா உட்கார்ந்திருப்பார்கள். "உங்க பேர் என்ன, வயசு என்ன?" என்று அவர் வாயால் சொல்ல வைத்து, சீட்டோடு ஒத்துப் பாருங்கள்.

கை நடுக்கம் இருபது பேரைத் தூக்கினால் போய்விடும். ஓய்வு நேரத்தில் வார்டுக்குப் போய், அந்த சிஸ்டரிடமே கற்றுக்கொடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.

கேள்வி: நான் ஆண் மாணவன். பெண்களிடம் கடைசி மாதவிலக்குத் தேதியைக் கேட்கக் கூச்சமாக இருக்கிறது. தாலியைக் கழற்றச் சொன்னாலும் முறைக்கிறார்கள்.

பதில்: தேதியைக் கேட்டே ஆக வேண்டும். வயிறு, இடுப்புப் படமென்றால் கூச்சத்துக்கு இடமே இல்லை, உள்ளே ஒரு கரு இருக்கலாம். கூட வந்தவர்களை வெளியே அனுப்பிவிட்டுக் கேளுங்கள். மாமியார் பக்கத்தில் நின்றால் உண்மை வராது. ஒரு பெண் ஊழியர் அறையில் இருக்கட்டும். எதற்காகக் கேட்கிறீர்கள் என்பதை முதலில் சொன்னால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

தாலியைக் கழற்றச் சொல்ல வேண்டாமே! நெஞ்சுப் படத்துக்குக் கயிற்றை மேலே தூக்கி, படத்தில் விழாத இடத்துக்கு ஒதுக்கினால் போதும். எம்ஆர்ஐ வேறு கதை. அங்கே உலோகம் எதுவும் உள்ளே போகக் கூடாது.

கேள்வி: என் மகள் இந்தப் படிப்பில் சேர்ந்திருக்கிறாள். கதிர் அவள் உடம்புக்கு ஆகுமா? (ஒரு தகப்பனார், ஹலசூரு)

பதில்: ஒழுங்காக இருந்தால் பயமில்லை ஐயா. இந்தியாவில் இந்த வேலை பார்ப்பவர்களுக்கு ஐந்து வருடச் சராசரியாக வருடத்துக்கு 20 மில்லிசீவெர்ட் (உடம்பு வாங்கும் கதிரை அளக்கும் அலகு) என்று உச்சவரம்பு இருக்கிறது. எந்த ஒரு வருடமும் 30-ஐத் தாண்டக் கூடாது. அதை அளக்கத்தான் டிஎல்டி பேட்ஜ். நெஞ்சில், ஈய ஏப்ரனுக்கு உள்ளே குத்திக்கொள்ள வேண்டும். பாதிப் பேர் அதை ஏப்ரனோடு எக்ஸ்ரே அறையிலேயே மாட்டிவிட்டு வீட்டுக்குப் போகிறார்கள், அது பாவம் சுவர் வாங்குகிற கதிரை அளந்துகொண்டிருக்கும்! படம் எடுக்கும்போது குழந்தையையோ பெரியவரையோ அவள் கையால் பிடித்துக்கொண்டு நிற்கக் கூடாது. பிடிக்கத்தான் வேண்டுமென்றால், கர்ப்பமில்லாத ஒரு உறவினருக்கு ஏப்ரன் போட்டு நிறுத்தலாம். இன்று வீட்டுக்கு வந்ததும், பேட்ஜ் எங்கே என்று கேட்டுப் பாருங்கள்.