மூவாயிரம் ஸ்லைடுகளைக் கணினியில் ஏற்ற ஸ்கேனரா, கேமராவா?

கேள்வி: தாவரவியல் பேராசிரியராக இருந்த என் தந்தை 1965 முதல் 1990 வரை எடுத்த சுமார் 3,000 வண்ண ஸ்லைடுகள் எங்கள் வீட்டு பீரோவில் இருக்கின்றன. சிலவற்றில் பூஞ்சை படர்ந்துள்ளது. இவற்றைப் பாதுகாக்க ஸ்கேனர் வாங்கலாமா, கேமராவே போதுமா?

பதில்: இவ்வளவு ஸ்லைடுகளுக்குக் கேமராதான் ஏற்றது என்பேன். 35 மி.மீ. ஸ்லைடில் படம் 24-க்கு 36 மி.மீ. அளவே இருக்கும், அதை அங்குலத்துக்கு 4,000 புள்ளி வீதம் ஸ்கேன் செய்தால் சுமார் 2.1 கோடி பிக்சல்கள் கிடைக்கும். 24 மெகாபிக்சல் (2.4 கோடி பிக்சல்) கேமராவும், மிக அருகிலிருந்து படமெடுக்க உதவும் நல்ல மேக்ரோ லென்ஸும் ஏறக்குறைய அதே நுணுக்கத்தைத் தந்துவிடும். ஸ்கேனர் ஒரு ஸ்லைடுக்கு மூன்று நிமிடம் எடுத்துக்கொண்டால் மொத்தம் 150 மணி நேரம் ஆகிவிடும். அகச்சிவப்புக் கதிரால் தூசியை நீக்கும் வசதி ஸ்கேனரின் பெரிய பலம்தான். ஆனால் கோடக் நிறுவனம் தயாரித்து, 2009-இல் உற்பத்தியை நிறுத்திய கோடக்ரோம் என்ற ஃபிலிமில் எடுத்த ஸ்லைடுகளில் அது சரிவர வேலை செய்யாது, சில இடங்களில் படத்தின் நுண்விவரத்தையே தூசியென்று எண்ணி அழித்துவிடும். உங்களிடம் கோடக்ரோம் உள்ளதா என்பதை, ஸ்லைடைச் சுற்றியுள்ள சட்டத்தில் அச்சிட்டிருக்கும் பெயரே சொல்லிவிடும்.

படமெடுக்கும் முன் பெட்டிகளின் வரிசையைக் கலைக்காமல், எழுத்துள்ள ஒவ்வொரு சட்டத்தையும் கைப்பேசியில் படமெடுத்து வையுங்கள். செடியின் பெயரும், கண்ட இடமும், தேதியும் இல்லாவிட்டால் தாவரவியல் படம் தன் மதிப்பில் பாதியை இழந்துவிடும். வகுப்புக்காகப் புத்தகப் பக்கங்களைப் படமெடுத்த ஸ்லைடுகள் இருந்தால் அவற்றைத் தயங்காமல் ஒதுக்கலாம்.

பூஞ்சை பிடித்தவற்றை முதலில் தனிப் பெட்டிக்கு மாற்றுங்கள். ஈரத்துணியால் ஒருபோதும் துடைத்துவிடாதீர்கள். படம் பதிந்திருக்கும் ஜெலட்டின் படலம் பூஞ்சை தாக்கினால் நீரில் கரையும் தன்மை அடைந்திருக்கும் என்பதால், துடைக்கும்போது படமே துணியோடு வந்துவிடக்கூடும். ரப்பர் ஊதியால் காற்றடித்து, மென்தூரிகையால் லேசாகத் தட்டினால் பெரும்பாலானவற்றுக்குப் போதும். அதற்கும் போகாத கறையை, நீர் கலவாத ஃபிலிம் கிளீனரால், முக்கியமில்லாத ஒரு ஸ்லைடில் சோதித்த பிறகே தொடுங்கள்.

ஒளிக்கு, நிறங்களைச் சரியாகக் காட்டும் குறியீடு 95-க்கு மேலுள்ள எல்.இ.டி. பலகையை வாங்கி, ஸ்லைடைச் சுற்றியுள்ள வெளிச்சத்தைக் கறுப்பு அட்டையால் மறைத்து, அறை விளக்குகளை அணைத்துவிடுங்கள். கேமராவும் ஸ்லைடும் இணையாக இல்லாவிட்டால் ஒரு மூலை மங்கும். இதைச் சரிபார்க்க, ஸ்லைடு இருக்க வேண்டிய இடத்தில் சிறு கண்ணாடி ஒன்றை வைத்துப் பாருங்கள்; லென்ஸின் பிம்பம் திரையின் நட்டநடுவில் தெரிந்தால் இரண்டும் இணையாக உள்ளன என்று பொருள். பிறகு எஃப்/8 (லென்ஸின் திறப்பு), ஐஎஸ்ஓ 100 (ஒளியுணர்திறன்), மாறாத வெள்ளைச் சமநிலை (வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் நிற அமைப்பு) ஆகியவற்றை வைத்து, கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா (RAW) கோப்பாக எடுங்கள். சிவந்து வெளிறிய படங்களின் நிறத்தை நகலில் மட்டும் திருத்துங்கள்.

ஒரு கோப்பு 30 எம்.பி. என்று கொண்டால் மொத்தம் 90 ஜி.பி.தான் வரும். ஆகவே இரண்டு ஹார்டு டிஸ்குகளில் பதிந்து, ஒன்றை உறவினர் வீட்டில் வைப்பது கடினமல்ல. ஸ்லைடுகளையும் எறிந்துவிடாமல், பி.வி.சி. அல்லாத பாலிபுரோப்பிலீன் உறைகளில் இட்டு, வெயில் படும் சுவரை ஒட்டாத அலமாரியில் சிலிக்கா ஜெல்லுடன் வையுங்கள். ஜெல் நிறம் மாறியதும் புதியதாக மாற்றிவிடுங்கள்.