ட்ராக்மேனியா வித்தைத் தடங்கள்: கேள்வி பதில்

பிரான்ஸின் நாடியோ நிறுவனம் 2003-இல் வெளியிடத் தொடங்கிய ட்ராக்மேனியா என்ற கார்ப் பந்தயக் கணினி விளையாட்டில், சாலையை விடச் சுவரையும் விளிம்பையும் நம்பி ஓட்டவேண்டிய வித்தைத் தடங்கள் உண்டு. அவற்றைப் பற்றி வந்த கேள்விகளுக்குப் பாம்பனிலிருந்து பதில் எழுதுகிறேன்.

மண்டபம்: அண்ணா, பலமுறை விழுந்து ஒரே ஒருமுறை தாண்டினேன். அதிர்ஷ்டம்தானா?

இல்லை தம்பி. இந்த விளையாட்டில் தற்செயலுக்கு இடமே கிடையாது. அதே விசைகளை அதே கணத்தில் அழுத்தினால் கார் அதே இடத்தில்தான் போய் விழும். மேல் அம்பு விசையை மட்டும் பிடித்திருந்தால் போதும், கார் தானே குட்டிக்கரணம் போட்டு எல்லையைத் தொடும் தடங்களைப் பார்த்திருப்பாய். காரின் அசைவுக்கு விளையாட்டு போடும் கணக்கு முறைக்கு முறை மாறினால் அப்படியொரு தடத்தைக் கட்டவே முடியாது. ஆனால் அந்தக் கணக்கு நொடிக்கு 100 முறை நடக்கிறது. விரல் இம்மி பிந்தினாலும் விளைவு வேறு. தாண்டிய அந்த ஓட்டத்தைச் சேமித்து வை. குதித்த இடத்தில் வேகம் எவ்வளவு, கார் எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது என்று பார்.

கீழக்கரை: காக்கா, மூக்கால் மோதி வேகம் எடுக்கும் வித்தை எனக்கு வரவில்லை. கார் கவிழ்ந்துவிடுகிறது.

அதன் பெயர் நோஸ்பூஸ்ட். கார் தலைகுப்புற இறங்கி மூக்கு சரியான கோணத்தில் பட்டால், மோதல் வேகத்தைத் தின்பதற்குப் பதிலாகக் கூட்டிக் கொடுத்துவிடும். நீ தரையையே பார்க்கிறாய் என்று நினைக்கிறேன். அங்கே செய்வதற்கு ஒன்றுமில்லை தம்பி. தென்கடலில் அலையுள்ள நாளில் வல்லத்தைக் கரையேற்றுகிறவர்களைக் கவனி: மணல் தட்டும்வரை காத்திருக்கமாட்டார்கள், அலைமேல் இருக்கும்போதே அணியத்தை, அதாவது வல்லத்தின் முன்முனையை, நேராக்கிவிடுவார்கள். காரும் அப்படித்தான். அந்தரத்தில் பிரேக்கைத் தட்டினால் கார் சுழல்வது நின்றுவிடும். மூக்கு வேண்டிய அளவு கவிழ்ந்ததும் தட்டு. எப்போது தட்டுவது என்பதை மட்டும் ஒரு வாரம் பழகு; மற்றது தானாக வரும்.

தொண்டி: அண்ணா, காரைச் சற்றே பக்கவாட்டில் சறுக்கவிட்டு வேகம் கூட்டும் வேகச் சறுக்கலைச் செய்தால் என் கார் மெதுவாகிறது. ஏன்?

400 கிலோமீட்டர் வேகத்துக்குக் கீழே தொடங்குகிறாய் தங்கச்சி. அதைத் தாண்டிய பிறகே சறுக்கல் லாபம் தரும். அதிகம் திருப்பினாலும் நஷ்டம்தான். திருப்பும் விசையை அழுத்திப் பிடிக்காதே, விட்டு விட்டுத் தட்டு.

ராமேஸ்வரம்: பழைய கணினிதான் இருக்கிறது. வழி உண்டா?

2008-இல் வந்த நேஷன்ஸ் ஃபாரெவர் என்ற ட்ராக்மேனியா பதிப்பு இலவசம், பழைய கணினியிலும் ஓடும். நல்ல வித்தைத் தடங்கள் அதிலேயே ஏராளம்.

ஏர்வாடி: தடத்தின் நடுவே கடக்கவேண்டிய செக்பாயின்டிலிருந்து மீண்டும் தொடங்கும்போது ஓடும் வேகத்தோடு வருவது நல்லதா, நின்ற நிலையா?

2020-இல் வந்த பதிப்பைக் கேட்கிறாய். அதில் மீண்டும் தொடங்கும் விசையை ஒருமுறை அழுத்தினால் செக்பாயின்டைக் கடந்தபோதிருந்த வேகம் திரும்பும், உடனே மறுமுறை அழுத்தினால் கார் நின்ற நிலையில் இருக்கும். ஒரே வித்தையைத் திரும்பத் திரும்பப் பழக முதல் வகையே நல்லது. ஆனால் கோணலாகக் கடந்திருந்தால் அந்தக் கோணலும் ஒவ்வொரு முறையும் கூடவே வரும். அப்போது தயங்காமல் தடத்தின் தொடக்கத்துக்கே போய்விடு.