சைலன்சரில் தண்ணீர் வருகிறதா? படகு இன்ஜின் சூடும் புகையும்: கேள்வி பதில்

பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் கரைகளில் 30 வருடமாகப் படகு இன்ஜின் வேலை பார்க்கிறேன். விசைப்படகு, வல்லம், அவ்வப்போது பாம்பன் பாலம் கடக்க வந்து நிற்கும் பாய்ப்படகு என்று எல்லாம் என் கைக்கு வரும். இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை சூடும் புகையும் பற்றியவை. பெயர் போடாமல் ஊரை மட்டும் போட்டுப் பதில் சொல்கிறேன்.

தண்ணீர் போகும் பாதையை முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். படகின் அடியில் இருக்கும் வால்வு வழியாகக் கடல் தண்ணீர் உள்ளே வருகிறது. வடிகட்டியைத் தாண்டி, ரப்பர் இம்பெல்லர் (தண்ணீரைத் தள்ளும் இறக்கைச் சக்கரம்) உள்ள பம்புக்குப் போகிறது. பம்பு அதை ஹீட் எக்சேஞ்சருக்குத் தள்ளுகிறது. இன்ஜினுக்குள் சுற்றும் நல்ல தண்ணீர் தன் சூட்டை அங்கே கடல் தண்ணீரிடம் கொடுத்துவிடும். கடைசியில் கடல் தண்ணீர் சைலன்சர் எல்போவில், அதாவது வளைந்த புகைக் குழாயில், புகையோடு கலந்து வெளியே விழுகிறது. அந்த விழுகிற தண்ணீரைத்தான் தினமும் பார்க்க வேண்டும். மீட்டர் முள் ஏறுவதற்கு முன்பே அது விஷயத்தைச் சொல்லிவிடும்.

தேவிபட்டினம்: அண்ணே, மீன்பிடித் தடைக்காலம் முடிந்து படகை இறக்கினோம். கரையோரம் ஓட்டும்போது சரியாக இருந்தது. கடலுக்குள் அரை மணி நேரம் ஓடியதும் முள் 100 டிகிரிக்குப் போய்விட்டது. போன வருடமும் இதேதான். ரேடியேட்டர் மாற்றச் சொல்கிறார்கள்.

தம்பி, இப்போதைக்கு எதையும் மாற்றாதீர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் இன்ஜின் சும்மா கிடந்திருக்கிறது. இம்பெல்லரின் இறக்கைகள் ஒரே பக்கம் மடங்கி, அப்படியே விறைத்துப்போயிருக்கும். ஓட்டியதும் ஒன்றிரண்டு ஒடிந்துவிடும். மெதுவாக ஓட்டும்போது மிச்சமுள்ள இறக்கைகளே போதும், வேகம் கூட்டினால்தான் தண்ணீர் பற்றாது. கரையோரம் சரியாக இருந்ததற்குக் காரணம் இதுவாகத்தான் இருக்கும்.

பம்பு மூடியைக் கழற்றிப் பாருங்கள். இறக்கை குறைந்திருந்தால் புது இம்பெல்லர் போட்டுவிட்டு அதோடு நிறுத்திவிடாதீர்கள். ஒடிந்த துண்டு எங்கே போனது என்று தேடி எடுக்க வேண்டும். பெரும்பாலும் ஹீட் எக்சேஞ்சரின் வாயில்தான் போய் அடைத்து நிற்கும். நீங்கள் 'போன வருடமும் இதேதான்' என்று சொல்வதால், பழைய துண்டுகளும் உள்ளேயே கிடக்கின்றன என்று சந்தேகப்படுகிறேன். எல்லாத் துண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்து, ஒரு முழு இம்பெல்லர் கணக்கு வருகிறதா என்று பாருங்கள். புதியதைப் போடும்போது சோப்புத் தண்ணீர் தடவுங்கள். கிரீஸ் வேண்டாம், ரப்பர் ஊதிவிடும்.

அப்புறம், கரையில் ஏற்றியபோது அடியில் பெயிண்ட் அடித்திருப்பீர்கள். தண்ணீர் உள்ளே வரும் துளையைப் பெயிண்டும் கொட்டலசும் (படகடியில் ஒட்டி வளரும் ஓட்டுயிர்) சேர்ந்து பாதி மூடியிருப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். கடல் தண்ணீரை உள்ளே இழுக்காமல், அடியில் குழாய் ஓடவிட்டுக் குளிர வைக்கும் படகாக இருந்தால் அந்தக் குழாய் மேல் பெயிண்டே படக்கூடாது. குழாய்க்குப் போர்வை போர்த்தியது போல ஆகிவிடும்.

எல்லாம் சரியானதும் ஒரு வேலை செய்யுங்கள். இன்ஜினை ஒரே வேகத்தில் வைத்து, சைலன்சர் வாயில் வாளியைப் பிடித்து, நிறைய எத்தனை விநாடி ஆகிறது என்று எண்ணுங்கள். அந்த எண்ணை இன்ஜின் ரூம் சுவரில் பெயிண்டால் எழுதி வையுங்கள். மாதம் ஒருமுறை அதே வேகத்தில் மறுபடி பிடித்துப் பாருங்கள். விநாடி கூடிக்கொண்டே போனால் பாதையில் எங்கோ அடைக்கிறது என்று அர்த்தம்.

தொண்டி: வாடைக்காலத்தில் மட்டும் சூடாகிறது. மற்ற நாளில் ஒன்றும் இல்லை.

பாக் ஜலசந்தி ஆழமில்லாத கடல். காற்று பலமாக அடித்தால் அடிச்சேறு கலங்கும், கடல்புல் பிடுங்கிக்கொண்டு மிதக்கும். சொறி மீன் கூட்டம் வந்தால் இன்னும் மோசம். அத்தனையும் உங்கள் வடிகட்டிக்குத்தான் வருகிறது. அந்த நாட்களில் கடலுக்குப் போகும்போதும் திரும்பியதும் வடிகட்டியைக் கழுவுங்கள். மூடியின் ரப்பர் வளையம் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். அதில் காற்று இழுத்தால் பம்பு தண்ணீரை விட்டுவிடும்.

பாம்பனில் நிற்கும் பாய்ப்படகிலிருந்து: 34 அடிப் படகு, 3 சிலிண்டர் டீசல். பாலம் தூக்கும் நாளுக்காக நங்கூரம் போட்டு நிற்கிறோம். காலையில் இன்ஜின் பிடிக்கவில்லை. பத்துப் பன்னிரண்டு முறை செல்ஃப் அடித்தோம். இப்போது 'டக்' என்று ஒரு சத்தம் வருகிறது, இன்ஜின் சுற்றவே இல்லை. பேட்டரி நன்றாக இருக்கிறது.

ஐயா, தயவுசெய்து இனி செல்ஃப் அடிக்காதீர்கள். சிலிண்டருக்குள் கடல் தண்ணீர் போயிருக்கிறது.

இன்ஜின் ஓடாவிட்டாலும், செல்ஃப் அடிக்கும் ஒவ்வொரு முறையும் பம்பு தண்ணீரைத் தள்ளிக்கொண்டே இருக்கும். அதை வெளியே ஊதித் தள்ளப் புகை இல்லை. சைலன்சர் பெட்டி நிறைந்து, தண்ணீர் பின்னோக்கி ஏறி, திறந்திருக்கும் எக்சாஸ்ட் வால்வு வழியே சிலிண்டருக்குள் இறங்கிவிடும். காற்றைப் போலத் தண்ணீர் நசுங்காது. மீறிச் சுற்ற வைத்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

இப்போதே கடல் வால்வை மூடுங்கள். சைலன்சர் பெட்டியின் அடித்திருகைத் திறந்து தண்ணீரை வடியுங்கள். மூன்று இன்ஜெக்டரையும் கழற்றிவிட்டு இன்ஜினைக் கையால் சுற்றுங்கள். துளை வழியே தண்ணீர் பீய்ச்சும், முகத்தை விலக்கிக்கொள்ளுங்கள். தண்ணீர் நின்றதும் ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி சுற்றுங்கள். ஆயில் குச்சியை எடுத்துப் பாருங்கள். பால் விட்ட காப்பி போல இருந்தால் ஆயிலை மாற்றி, சிறிது நேரம் ஓட்டி, மறுபடி மாற்ற வேண்டும். இரண்டு மூன்று முறையாவது ஆகும். இதையெல்லாம் இன்றைக்கே செய்துவிடுங்கள். உப்புத் தண்ணீர் ஓர் இரவு உள்ளே கிடந்தாலே துரு பிடிக்க ஆரம்பித்துவிடும்.

இன்ஜின் ஏன் பிடிக்கவில்லை என்பதை அப்புறம் பார்க்கலாம். டீசல் லைனில் காற்று இருக்கும் என்பது என் ஊகம். இனிமேல் மூன்று முறை அடித்தும் பிடிக்கவில்லை என்றால் கடல் வால்வை மூடிவிட்டு அடியுங்கள், பிடித்த உடனே திறந்துவிடுங்கள். எல்போவுக்குப் போகும் குழாய் ஒரு வளைவாக மேலேறி இறங்கும். அந்த வளைவின் உச்சியில் காற்றை உள்ளே விடும் சின்ன வால்வு ஒன்று இருக்கும். அது உப்பேறி அடைத்திருந்தால் இன்ஜின் நிற்கும்போதும் கடல் தானாகவே உள்ளே வழியும். அதைக் கழற்றி நல்ல தண்ணீரில் கழுவுங்கள்.

இன்ஜினை நன்றாக ஓட்டிப் பார்த்து நம்பிக்கை வந்த பிறகே பாலத்தைக் கடக்க வாருங்கள். புதுத் தூக்குப் பாலம் வந்திருக்கிறதே தவிர, கீழே ஓடும் நீரோட்டம் அதேதான். நடுவில் இன்ஜின் நின்றால் தூணுக்கு இழுத்துக்கொண்டு போகும்.

மண்டபம்: வீட்டுக்காரர் படகில் போகிறார், கணக்கு வழக்கு நான் பார்க்கிறேன். வெள்ளைப் புகை வருகிறது. ஹெட்டைக் கழற்ற வேண்டும், பெரிய செலவு என்கிறார் மெக்கானிக். நம்பலாமா?

அக்கா, வெள்ளைப் புகையில் மூன்று வகை உண்டு. சைலன்சர் வாயை விட்டு வந்ததும் காற்றில் கரைந்து போனால் அது ஆவி. தண்ணீர் குறைவாக வருகிறது, இம்பெல்லரையும் வடிகட்டியையும் பார்த்தால் போதும். கண் எரிந்து, டீசல் வாடையோடு தண்ணீர் மேல் எண்ணெய்ப் படலம் விட்டால் டீசல் எரியாமல் வருகிறது. இன்ஜெக்டரைப் பிரித்துச் சோதிக்க வேண்டும். மூன்றாவது, ஹெட்டுக்கு அடியில் இருக்கும் அடைப்புத் தகடான ஹெட் கேஸ்கெட் பழுதாகி வருவது.

அதையும் காசில்லாமல் பார்க்கலாம். காலையில் இன்ஜின் முழுக்க ஆறியிருக்கும்போது தண்ணீர்த் தொட்டி மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். தொட்டியில் குமிழி விடாமல் வந்துகொண்டே இருந்தாலோ, நல்ல தண்ணீர் தினமும் காரணமில்லாமல் குறைந்தாலோ, ஆயில் வெளுத்திருந்தாலோ மெக்கானிக் சொல்வது சரி. மூன்றும் இல்லையென்றால் ஹெட்டைத் தொடவிடாதீர்கள். சூடான இன்ஜினில் மட்டும் அந்த மூடியைத் திறக்கக் கூடாது, கொதிநீர் முகத்தில் அடிக்கும்.

கீழக்கரை: வேகம் கூட்டினால் கருப்புப் புகை. இன்ஜெக்டர் புதுசு.

அடியில் ஏறிய கொட்டலசு, புரொப்பெல்லரில் சுற்றிய வலைக்கயிறு, அடைத்த ஏர் ஃபில்டர், இந்த வரிசையில் பாருங்கள். எதுவும் இல்லையென்றால் எல்போவைக் கழற்றுங்கள். கரியும் உப்பும் சேர்ந்து உள்ளே கல்லாக இறுகியிருக்கும். கட்டைவிரல் நுழையாத அளவுக்கு அடைத்த எல்போக்களை எடுத்திருக்கிறேன். புகை வெளியே போக வழியில்லாத இன்ஜினுக்கு மூச்சு முட்டும், சூடும் ஏறும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை எல்போவைத் திறந்து பார்ப்பது நல்லது.

மூக்கையூர்: ஹீட் எக்சேஞ்சரை ஆசிட் விட்டுக் கழுவலாமா?

பாத்ரூம் ஆசிட் வேண்டாம், உலோகத்தையும் சேர்த்துத் தின்றுவிடும். மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு கிடைக்கும். வெந்நீரில் லிட்டருக்கு 100 கிராம் கரைத்து, கடல் தண்ணீர் போகும் பக்கத்தில் ஒரு மணி நேரம் ஊற விட்டு நன்றாக அலசுங்கள். குழாய்களைக் குத்த மூங்கில் குச்சி போதும், இரும்புக் கம்பி ஓட்டை போட்டுவிடும். உள்ளே இருக்கும் ஜிங்க் துண்டு பாதி கரைந்திருந்தால் மாற்றிவிடுங்கள்.

ராமேஸ்வரம்: இரவில் இன்ஜின் ரூம் மேலே படுப்போம். எழுந்தால் தலைவலி, வாந்தி வருவது போல இருக்கிறது. கடல் ஒத்துக்கொள்ளவில்லை என்கிறார்கள். எனக்கு 15 வருடக் கடல் அனுபவம்.

தம்பி, கடலை நீங்கள் சரியாகவே அறிவீர்கள். இது புகைக் குழாய்க் கசிவாக இருக்கலாம். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. தூங்குகிறவர் எழாமலே போய்விடலாம். கசிவை அடைக்கும் வரை இன்ஜின் ஓடும்போது யாரும் அங்கே படுக்க வேண்டாம், இன்று இரவிலிருந்தே. மேனிஃபோல்டு (சிலிண்டர்களின் புகை வந்து சேரும் குழாய்) இணைப்பு, எல்போ கேஸ்கெட், குழாய் வளைவுகள் மூன்றையும் பாருங்கள். கசியும் இடத்தைச் சுற்றிக் கரி படிந்திருக்கும். குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்த உடனே, இணைப்புகளில் சோப்பு நுரை தடவினால் குமிழி காட்டிக்கொடுக்கும்.

ஏர்வாடி: நடுக்கடலில் முள் ஏறினால் உடனே நிறுத்தலாமா?

முதலில் சைலன்சரைப் பாருங்கள். தண்ணீர் விழுந்துகொண்டிருந்தால் வேகத்தைக் குறைத்து ஐந்து நிமிடம் சும்மா ஓட விடுங்கள். சூடு சீராக இறங்கும். தண்ணீர் விழவே இல்லையென்றால் நங்கூரத்தைப் போட்டுவிட்டு உடனே நிறுத்துங்கள். சூடான இன்ஜின் மேல் கடல் தண்ணீரை வாரி ஊற்றாதீர்கள், ஹெட் வெடித்துவிடும். வடிகட்டி, பெல்ட், இம்பெல்லர் என்று பாருங்கள். ஒரு இம்பெல்லரும் அதன் மூடிக்கான கேஸ்கெட்டும் ஒரு பெல்ட்டும் படகிலேயே இருந்தால் இருபது நிமிட வேலை.