உலகப் புவியியலில் பொது அறிவைச் சோதிக்க நல்ல கேள்விகள் எவை? நாடுகளைப் பற்றி நம்மிடம் இருக்கும் தவறான எண்ணங்கள் என்னென்ன?

தலைநகரக் கேள்விகளை முதலில் ஒதுக்கிவிடுங்கள். ஆஸ்திரேலியாவுக்கு சிட்னி இல்லை கான்பெரா, துருக்கிக்கு இஸ்தான்புல் இல்லை அங்காரா என்பதெல்லாம் போட்டித் தேர்வுக்குப் படித்தவர்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு. எங்கள் குடியிருப்பில் பொங்கலுக்கு வினாடி வினா நடத்துகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: விவரம் தெரிந்தவர்களே முந்திக்கொண்டு கை தூக்கி, தப்பாகச் சொல்லும் கேள்விதான் நல்ல கேள்வி.

அதில் முதலிடம் கிரீன்லாந்துக்கு. இந்தியா பெரியதா, கிரீன்லாந்து பெரியதா என்று கேட்டுப் பாருங்கள். அநேகம் பேர் யோசிக்காமல் கிரீன்லாந்து என்பார்கள். பார்த்துப் பழகிய உலக வரைபடத்தில் அது ஆப்பிரிக்கா அளவுக்கு இருக்கிறதே! உண்மையில் கிரீன்லாந்து சுமார் 21.7 லட்சம் சதுர கி.மீ., இந்தியா சுமார் 32.9 லட்சம். ஆப்பிரிக்காவோ 3 கோடிக்கும் மேல்.

காரணம், 1569-ல் மெர்கேட்டர் வகுத்த வரைபட முறை. திசைகாட்டி காட்டும் ஒரே திசையைப் பிடித்துக்கொண்டு கப்பல் போனால், அந்தப் பாதை படத்தில் நேர்கோடாக விழவேண்டும். அதற்காகத் துருவத்தை நெருங்க நெருங்க நிலத்தை இழுத்துப் பெரிதாக்க வேண்டியிருந்தது. 60 டிகிரி அட்சரேகையில் நீளமும் அகலமும் இரண்டு மடங்கு, பரப்பு நான்கு மடங்கு. கிரீன்லாந்து ஏறக்குறைய முழுவதுமே அதற்கு வடக்கே இருக்கிறது. மெர்கேட்டர் மேல் தப்பில்லை. மாலுமிக்காகப் போட்ட படத்தை வகுப்பறைச் சுவரில் மாட்டியவர்களைத்தான் கேட்கவேண்டும். வீட்டில் பூகோள உருண்டை இருந்தால் கிரீன்லாந்தின் வடமுனையிலிருந்து தென்முனை வரை ஒரு நூலை வைத்து வெட்டிக்கொள்ளுங்கள். அதே நூலைக் காஷ்மீரின் உச்சியிலிருந்து இறக்கினால் கன்னியாகுமரிக்கு எட்டாது.

அடுத்தது எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. அட்லாண்டிக்கிலிருந்து பசிபிக்குக்குப் பனாமா கால்வாய் வழியாகப் போகும் கப்பல் எந்தத் திசையில் போகும்? மேற்கே என்று எல்லாரும் சொல்வார்கள். தென்கிழக்கே என்பதுதான் சரி. அமெரிக்கக் கண்டம் மேலிருந்து கீழாக நீண்டு கிடந்தாலும் பனாமா மட்டும் படுத்துக் கிடக்கிறது. அதன் ஒரு கரை வடக்கே, மறுகரை தெற்கே. பசிபிக் பக்கத்து வாய், அட்லாண்டிக் பக்கத்து வாயைவிடச் சற்றுக் கிழக்கே அமைந்துவிட்டது.

பிரான்சின் மிக நீளமான நில எல்லை எந்த நாட்டோடு? ஸ்பெயின், ஜெர்மனி, பெல்ஜியம் என்று ஒரு சுற்று வரும். பதில் பிரேசில்! தென்னமெரிக்காவில் உள்ள பிரெஞ்சு கயானா, பிரான்சின் ஒரு பகுதி. அங்கே செலாவணி யூரோ. பிரேசிலோடு அதற்கு 700 கி.மீ.க்கு மேல் எல்லை இருக்கிறது. நமக்குத் தெரியாத ஊரும் இல்லை. இஸ்ரோவின் ஜிசாட் செயற்கைக்கோள்கள் பல, ஏரியன் ராக்கெட்டில் கிளம்பியது அங்குள்ள கூரு ஏவுதளத்திலிருந்துதான். பேப்பரில் படித்திருப்போம், அது எங்கே இருக்கிறது என்று பார்த்திருக்க மாட்டோம்.

நம் பக்கத்தில் அடிக்கடி காதில் விழுபவை இன்னும் சில. துபாய் தனி நாடு இல்லை. ஐக்கிய அரபு அமீரகம் என்ற நாட்டின் ஏழு அமீரகங்களில் ஒன்று, அந்த நாட்டின் தலைநகர் அபுதாபி. ஈரானில் பெரும்பான்மையினர் பாரசீகர்கள், அரபிகள் அல்ல. இந்தியாவின் தென்கோடி கன்னியாகுமரி என்பது பெருநிலத்துக்கு மட்டும்தான் பொருந்தும். தீவுகளையும் சேர்த்தால் கிரேட் நிக்கோபாரின் இந்திரா முனை.

சில கேள்விகளைக் கேட்காமல் இருப்பதே நல்லது. உலகின் மிகப்பெரிய பாலைவனம் எது என்று கேட்டு, சகாரா என்றவரிடம் 'இல்லை, அண்டார்டிகா; மழை குறைந்த இடமெல்லாம் பாலைவனம்தான்' என்பது எனக்கு அழுகுணி ஆட்டமாகத்தான் படுகிறது. உலகில் எத்தனை நாடுகள் என்பதும் வேண்டாம். ஐ.நா. உறுப்பினர்கள் 193, பார்வையாளர்களாக வாடிகனும் பாலஸ்தீனமும், அப்புறம் சில நாடுகள் மட்டும் தனி நாடாக ஏற்கும் தைவான், கொசோவோ. பரிசு யாருக்கு என்று முடிவு செய்வதற்குள் சாப்பாட்டுப் பந்தி முடிந்துவிடும்.