மகளிர் கால்பந்தில் அமெரிக்காவின் காலம் முடிந்துவிட்டதா? மற்ற நாடுகள் எப்படி எட்டிப்பிடித்தன?

கேள்வியின் சுருக்கம் இது: 2023 உலகக் கோப்பையில் அமெரிக்கா முதல் நாக் அவுட் சுற்றிலேயே வெளியேறியது, ஜெர்மனி, பிரேசில், ஒலிம்பிக் சாம்பியனான கனடா ஆகிய மூன்றும் குழுச் சுற்றைக்கூடத் தாண்டவில்லை. பழைய பெரிய அணிகளின் காலம் போய்விட்டதா?

போய்விட்டது என்று நான் சொல்ல மாட்டேன். அடுத்த ஆண்டே, 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில், எம்மா ஹேய்ஸ் பயிற்றுவித்த அமெரிக்க அணி தங்கம் வென்றது. ஆனால் அந்தத் தங்கம் வந்த வழியைப் பாருங்கள். காலிறுதியில் ஜப்பானையும் அரையிறுதியில் ஜெர்மனியையும் கூடுதல் நேரம் வரை போராடி 1-0, 1-0 என்று கடந்து, இறுதியாட்டத்தில் பிரேசிலையும் அதே 1-0 கணக்கில்தான் வென்றார்கள். 1991இல் சீனாவில் நடந்த முதல் உலகக் கோப்பையில் இதே நாட்டு அணி காலிறுதியில் சீன தைபேயை 7-0 என்றும் அரையிறுதியில் ஜெர்மனியை 5-2 என்றும் வென்றிருந்தது. இந்த இரண்டு தொடர்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால் எனக்குத் தோன்றுவது இதுதான்: அமெரிக்கப் பெண்களின் ஆட்டம் கெட்டுப்போகவில்லை, மற்ற நாடுகள் தம் பெண்களைப் பல பத்தாண்டுகள் மைதானத்துக்கு வெளியே நிறுத்தி வைத்ததால் அமெரிக்கர்களுக்குக் கிடைத்திருந்த முன்தொடக்கம்தான் தீர்ந்துவிட்டது.

அந்த முன்தொடக்கம் எவ்வளவு பெரியது என்பதை இன்று பலரும் மறந்துவிட்டோம். 1920 டிசம்பரில் லிவர்பூல் நகரின் குடிசன் பார்க் மைதானத்தில் பெண்கள் ஆடிய ஓர் ஆட்டத்தைக் காண ஏறத்தாழ 53,000 பேர் திரண்டார்கள். அடுத்த ஆண்டே இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் தன் உறுப்புக் கிளப்புகளின் மைதானங்களில் பெண்கள் ஆடக் கூடாது என்று தடை விதித்தது. அந்தத் தடை ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் நீடித்தது. மேற்கு ஜெர்மனியின் சங்கம் 1955இல் விதித்த தடையை 1970இல்தான் நீக்கியது. கால்பந்தை உயிராகக் கொண்ட பிரேசிலில் 1941 முதல் 1979 வரை பெண்கள் கால்பந்து ஆடுவதே சட்டப்படி தடுக்கப்பட்டிருந்தது. இதே காலத்தில், 1972இல், கல்வி நிலையங்களில் பாலினப் பாகுபாட்டைத் தடுக்கும் ‘டைட்டில் நைன்’ சட்டம் அமெரிக்காவில் வந்தது. அரசு நிதி பெறும் பல்கலைக்கழகங்கள் பெண்களுக்கும் விளையாட்டு வாய்ப்பும் உதவித்தொகையும் தர வேண்டியதாயிற்று. கால்பந்து அங்கே ஆண்களின் தேசிய விளையாட்டாக இல்லாததும் ஒரு வகையில் நன்மையாகவே முடிந்தது; பெண்கள் ஆட வந்தபோது, இது எங்கள் இடம் என்று வழிமறிக்க அங்கே பெரிதாக யாரும் இல்லை. மியா ஹாம் போன்ற தேசிய அணி வீராங்கனைகள் வட கரோலினா பல்கலைக்கழக அணியில் ஆடித் தேறினார்கள். 2019 வரை நடந்த எட்டு உலகக் கோப்பைகளில் நான்கை அமெரிக்கா வென்றது. ஒன்றில்கூட மூன்றாம் இடத்துக்குக் கீழே இறங்கியதில்லை.

அமெரிக்காவைப் போலவே முன்கூட்டித் தொடங்கியவர்கள் நார்வேயும் சீனாவும். நார்வே 1995இல் உலகக் கோப்பையையும் 2000இல் ஒலிம்பிக் தங்கத்தையும் வென்ற நாடு. சீனா 1999 இறுதியாட்டத்தில், பாசடீனாவில் 90,185 பேர் முன்னிலையில், அமெரிக்காவிடம் பெனால்டி ஷூட் அவுட்டில்தான் தோற்றது. அந்த நார்வே 2022 ஐரோப்பியக் கோப்பையில் இங்கிலாந்திடம் 8-0 என்று தோற்றதையும், சீனா 2023இல் அதே இங்கிலாந்திடம் 6-1 என்று தோற்றதையும் பார்த்தபோது எனக்கு வருத்தமாகவே இருந்தது. ஒரு காலத்தில் பெண்கள் கால்பந்தை மதித்த மிகச் சில நாடுகளில் அவை இரண்டும் இருந்தன. மதித்தாலே போதும் என்றிருந்த காலம் அது. ஆண்கள் கால்பந்தில் நூறாண்டு அனுபவமும் மைதானங்களும் பயிற்சியாளர்களும் மருத்துவர்களும் கொண்ட பெரிய கிளப்புகள் தம் கதவுகளைப் பெண்களுக்குத் திறந்தபோது, மதிப்பு மட்டும் போதாமற்போனது.

இதைப் புரிந்துகொள்ள ஸ்பெயினை விடச் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை. 2015இல்தான் ஸ்பெயின் முதன்முறையாக மகளிர் உலகக் கோப்பைக்கு வந்தது. கோஸ்டா ரிக்காவோடு சமன் செய்து, பிரேசிலிடமும் தென் கொரியாவிடமும் தோற்று, ஓர் ஆட்டத்திலும் வெல்லாமல் ஊர் திரும்பியது. 1988 முதல் அந்த அணிக்குப் பயிற்சியாளராக இருந்த இக்னாசியோ கெரேடாவை மாற்ற வேண்டும் என்று வீராங்கனைகள் வெளிப்படையாகக் கடிதம் எழுதினார்கள்; அவர் விலகினார். அதே ஆண்டில் பார்சிலோனா கிளப் தன் மகளிர் அணியைத் தொழில்முறை அணியாக மாற்றியது. அதுவரை வேலைக்கோ கல்லூரிக்கோ போய்விட்டு மாலையில் பயிற்சிக்கு வந்தவர்கள், காலையில் உடல் தெம்போடு பயிற்சி செய்யத் தொடங்கினார்கள். ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் மட்டும் பார்க்கும் நமக்கு இது சிறிய மாற்றமாகத் தெரியலாம். என் கணிப்பில் இதை விடப் பெரிய மாற்றம் எதுவுமில்லை.

அதற்குப் பிறகும் அவர்கள் உடனே வெல்லவில்லை. ஐரோப்பியக் கிளப்புகளுக்கான 2019 சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டத்தில், அப்போது ஐரோப்பாவை ஆண்டுகொண்டிருந்த பிரெஞ்சுக் கிளப்பான லியோனிடம் பார்சிலோனா 4-1 என்று தோற்றது. முதல் அரை மணி நேரத்திலேயே ஆட்டம் முடிந்துவிட்டது எனலாம். பந்தைக் கையாளும் திறனில் குறை இல்லை, வேகத்திலும் உடல் வலுவிலும்தான் பின்தங்கியிருக்கிறோம் என்று அந்தக் கிளப் உணர்ந்து, உடற்பயிற்சி முறையையே மாற்றியது. 2021இல் செல்சியை 4-0 என்று வென்று கோப்பையைப் பெற்றார்கள். 2023, 2024 ஆண்டுகளிலும் பெற்றார்கள். இதற்கிடையே, 2019 நவம்பரில், ஸ்பெயின் முதல் பிரிவு லீகின் வீராங்கனைகள் வேலைநிறுத்தம் செய்து, 2020 தொடக்கத்தில் குறைந்தபட்ச ஊதியத்தை உறுதி செய்யும் கூட்டு ஒப்பந்தத்தைப் பெற்றிருந்தார்கள். கோப்பைகளைப் பேசும்போது இந்த வேலைநிறுத்தத்தை விட்டுவிடுகிறார்கள் என்பது என் நெடுநாள் மனக்குறை.

2022இல் ஸ்பெயின் 20 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையை வென்றது. அதே ஆண்டு அக்டோபரில், நவி மும்பையில் நடந்த இறுதியாட்டத்தில் கொலம்பியாவை 1-0 என்று வென்று 17 வயதுக்குட்பட்டோர் கோப்பையையும் எடுத்துக்கொண்டது. அடுத்த ஆகஸ்டில் ஓல்கா கார்மோனாவின் ஒற்றை கோலால் இங்கிலாந்தை வீழ்த்தி முதன்மை உலகக் கோப்பையும் வந்தது. 2015இல் ஒரு வெற்றியும் பெறாத நாடு எட்டே ஆண்டுகளில் வயதுப் பிரிவுகள் மூன்றிலும் சாம்பியன் ஆனது. இதைத் தேசியச் சம்மேளனத்தின் சாதனை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 2022 செப்டம்பரில் 15 வீராங்கனைகள், அணியில் நிலவும் சூழல் தங்கள் மனநலத்தையும் உடல்நலத்தையும் பாதிக்கிறது என்று மின்னஞ்சல் அனுப்பி விலகி நின்றார்கள். அவர்களில் மூவர் மட்டுமே உலகக் கோப்பை அணியில் இடம்பெற்றார்கள். வெற்றி மேடையிலேயே வீராங்கனை ஜெனி எர்மோசோவைச் சம்மதமின்றி முத்தமிட்ட சம்மேளனத் தலைவர் லூயிஸ் ரூபியாலெஸ் பின்னர் பதவி விலக வேண்டியிருந்தது. அந்தப் பெண்கள் சம்மேளனத்தோடும் போராடிக்கொண்டேதான் வென்றார்கள். அவர்களைத் தாங்கி நின்றது கிளப்புகளின் அன்றாடப் பயிற்சி.

மேல்தட்டில் நடந்தது இது. அடித்தட்டில் நடந்தது வேறு, அதுவே எனக்கு அதிக மகிழ்ச்சி தருகிறது. 2019இல் அமெரிக்கா தாய்லாந்தை 13-0 என்று வென்றபோது, 24 அணிகளே அதிகம் என்று பலர் எழுதினார்கள். 2023இல் 32 அணிகள் வந்தன. மிகப் பெரிய வித்தியாசம் 7-0 என்பதோடு நின்றது. ஜமைக்கா பிரான்சோடும் பிரேசிலோடும் கோலின்றிச் சமன் செய்து, நான்கு ஆட்டங்களில் ஒரே ஒரு கோலை மட்டும் விட்டுக்கொடுத்தது. முதல் ஆட்டத்தில் ஜெர்மனியிடம் 6-0 என்று தோற்ற மொராக்கோ, அடுத்த இரண்டையும் 1-0 என்று வென்று மேலே சென்றது. அந்த 6-0 வெற்றியைப் பெற்ற ஜெர்மனி, கொலம்பியாவிடம் தோற்று, தென் கொரியாவோடு சமன் செய்து, வெளியேறியது. போர்ச்சுகல் கடைசி நிமிடங்களில் அடித்த பந்து கம்பத்தில் படாமல் உள்ளே போயிருந்தால் அமெரிக்காவும் குழுச் சுற்றோடு முடிந்திருக்கும். கோல் அடிப்பதற்குத்தான் ஆண்டுக்கணக்கில் ஊறிய திறமை வேண்டும். தடுப்பாட்டத்தை ஒழுங்குபடுத்த, நல்ல பயிற்சியாளரும் சில மாதக் கூட்டுப் பயிற்சியும் இருந்தால் போதும். சிறிய அணிகள் முதலில் கற்றது அதைத்தான்.

மொராக்கோவைத் தனியாகக் குறிப்பிட வேண்டும். 2020இல் மகளிருக்கு இரண்டு அடுக்குத் தொழில்முறை லீகை அமைத்து, லியோன் அணியோடு சாம்பியன்ஸ் லீகை வென்ற ரெனால்ட் பெட்ரோஸைப் பயிற்சியாளராக அழைத்து வந்தார்கள். 2022, 2024 ஆப்பிரிக்கக் கோப்பைகள் இரண்டிலும் இறுதியாட்டத்துக்கு வந்தார்கள். இரண்டாவதில் இரண்டு கோல் முன்னிலை பெற்றும் நைஜீரியாவிடம் 3-2 என்று தோற்றது கொடுமைதான். நைஜீரியாவுக்கு அது பத்தாவது பட்டம்.

இவ்வளவையும் சொல்லிவிட்டு, மைதானம் சமமாகிவிட்டது என்று எழுதினால் அது உண்மையாகாது. 2023 காலிறுதிக்கு வந்த எட்டு அணிகளில் ஐந்து ஐரோப்பிய அணிகள். இங்கிலாந்தின் முதல் பிரிவு லீக் 2018இல் முழுநேரத் தொழில்முறை லீக் ஆனது; 2022, 2025 ஐரோப்பியக் கோப்பைகள் இரண்டும் அங்கே போயின. பணமும் லீகும் உள்ள இடத்தில் மேல்தட்டு இன்னும் இறுகிக்கொண்டிருக்கிறது. மறுபுறம் ஜமைக்கா அணியின் செலவுக்காக ஒரு வீராங்கனையின் தாய் இணையத்தில் நிதி திரட்ட வேண்டியிருந்தது. தென்னாப்பிரிக்க வீராங்கனைகள் உலகக் கோப்பைக்குப் புறப்படும் முன் ஊதியத் தகராறில் பயிற்சி ஆட்டத்தைப் புறக்கணித்தார்கள். அதே அணி பிறகு இத்தாலியை 3-2 என்று வென்றது. இத்தகைய அணிகள் முன்னேறியதை அந்தந்தச் சம்மேளனங்களின் வெற்றியாக எண்ணிவிடக் கூடாது. அவற்றின் வீராங்கனைகள் பலர் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கிளப்புகளுக்கு ஆடித் தேறியவர்கள்.

ஆசியாவைப் பற்றி நம் வாசகர்கள் கேட்பார்கள். ஜப்பான் 2011இல் உலகக் கோப்பையை வென்றது. 2023இல் பின்னாளில் சாம்பியனான ஸ்பெயினையே குழுச் சுற்றில் 4-0 என்று வீழ்த்தியது. வட கொரியா 2024இல் 17 வயது, 20 வயது உலகக் கோப்பைகள் இரண்டையும் வென்றது. இந்தியாவோ எதிர்த் திசைக்கான சான்று. கோழிக்கோட்டில் நடந்த ஆசியப் போட்டியிலும் பிறகு 1983இலும் இரண்டாம் இடம் பெற்ற அணி நம்முடையது. மற்றவர்கள் லீக் அமைத்து வளர்ந்த பத்தாண்டுகளில் நாம் நின்ற இடத்திலேயே நின்றோம். 2025 ஜூலையில் சியாங் மாயில் தாய்லாந்தை அதன் மண்ணிலேயே 2-1 என்று வென்று, தகுதிச் சுற்று வழியாக முதன்முறையாக ஆசியக் கோப்பைக்குச் சென்றது நல்ல அடையாளம். ஆனால் ஆண்டு முழுவதும் நடக்கும் லீக் இல்லாமல் அது தொடராது என்பதே என் எண்ணம்.

அமெரிக்காவும் கைகட்டி நிற்கவில்லை. 2022இல் ஆண்கள் அணிக்கு இணையான ஊதிய ஒப்பந்தத்தைப் பெற்றார்கள். பல்கலைக்கழகம் முடித்துத்தான் தொழில்முறைக்கு வர வேண்டும் என்ற பழைய பாதை தளர்ந்து, இப்போது பள்ளி வயதிலேயே கிளப்புகளில் சேர்கிறார்கள். பார்சிலோனாவின் ஐதானா போன்மதி பதின்மூன்று, பதினான்கு வயதிலிருந்து ஒரே ஆட்ட முறையில் வளர்ந்தவர். அத்தகைய வீராங்கனையை இருபத்திரண்டு வயதில் தொடங்கி உருவாக்க முடியாது என்பது அமெரிக்கர்களுக்குப் புரிந்திருக்கிறது.

2027 உலகக் கோப்பை பிரேசிலில் நடக்கிறது. தென் அமெரிக்காவுக்கு அது வருவது இதுவே முதன்முறை. இன்று ஓர் அணியைச் சொல் என்றால் ஸ்பெயின் என்பேன். ஆனால் 2024 ஒலிம்பிக் அரையிறுதியில் அந்த ஸ்பெயினை 4-2 என்று வீழ்த்தியது பிரேசில். 2025 கோபா அமெரிக்கா இறுதியாட்டத்தில் அதே பிரேசிலைக் கொலம்பியா 4-4 வரை இழுத்து, பெனால்டியில்தான் கோப்பையை விட்டது. நவி மும்பையில் கொலம்பியாவுக்கு ஆடிய லிண்டா காய்செடோ 2027 உலகக் கோப்பையின்போது 22 வயதில் இருப்பார். ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து ஓர் அணி இறுதிக்கு வருமானால், அது அமெரிக்காவாக இருப்பதற்கு இணையாக இந்த இரண்டில் ஒன்றாக இருக்கவும் வாய்ப்பு உண்டு என்று கருதுகிறேன். பத்தாண்டுகளுக்கு முன் இதை எழுதியிருந்தால் யாரும் ஒப்புக்கொண்டிருக்க மாட்டார்கள்.