நம் இருதயமே நம்மைக் குற்றவாளியாகத் தீர்க்கும்போது

கேள்வி: பெங்களூரில் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் பணிபுரிகிறேன். சில மாதங்களுக்கு முன் ஜி.எஸ்.டி. கணக்கில் ஒரு தொகையைத் தவறாகப் பதிந்துவிட்டேன். அன்றே அது திருத்தப்பட்டும் விட்டது. ஆனாலும், ‘நீ எதற்கும் லாயக்கில்லாதவள்’ என்று அன்றுமுதல் எனக்குள் நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். சபையில் வேதபாடம் வாசிக்க ஆயர் அழைத்தபோதும், திக்கிவிடுவேன் என்று மறுத்துவிட்டேன். இது தாழ்மையா, விசுவாசக் குறைவா?
– வாசகி, அல்சூர், பெங்களூரு

பதில்: அன்புச் சகோதரிக்கு, இரண்டும் இல்லை என்பதே என் கருத்து. இதை விசுவாசக் குறைவு என்று சொன்னால், சூரைச்செடியின்கீழ் உட்கார்ந்து, ‘நான் என் பிதாக்களைப்பார்க்கிலும் நல்லவன் அல்ல’ என்று சொல்லிச் சாக விரும்பிய எலியா தீர்க்கதரிசியையும் அவிசுவாசி என்றே சொல்லவேண்டியிருக்கும்.

மனச்சாட்சி நாம் செய்த செயலைச் சுட்டிக்காட்டும். அதைத் திருத்தியதும் அடங்கிவிடும். நீங்கள் கேட்கும் குரலோ, செயல் திருத்தப்பட்ட பிறகும் ஆளையே தள்ளுபடி செய்துகொண்டிருக்கிறது. ஒரு நோட்டுப்புத்தகத்தில் அந்தக் குரல் சொல்வதை அப்படியே எழுதி, அதன் கீழே நடந்ததை மட்டும் எழுதிப் பாருங்கள்: ‘ஒரு தொகையைத் தவறாகப் பதிந்தேன்; அன்றே திருத்தினோம்.’ மேலே உள்ள தீர்ப்புக்குக் கீழே உள்ள சாட்சியம் போதாது என்பது உங்களுக்கே தெரியும். நம் இருதயமே நம்மைக் குற்றவாளிகளாகத் தீர்த்தாலும், தேவன் நம் இருதயத்திலும் பெரியவர், சகலத்தையும் அறிந்தவர் என்று யோவானின் முதலாம் நிருபம் (3:20) சொல்வதும் இதையே.

கண்ணாடி முன் நின்று ‘நான் திறமைசாலி’ என்று பத்து முறை சொல்லும்படி இப்போது பலர் கற்றுத்தருகிறார்கள். எனக்கு அதில் அவ்வளவாக நம்பிக்கை இல்லை. தான் திக்குவாயன் என்று மோசே சொன்னபோது, ‘இல்லை, நீ நன்றாகப் பேசுகிறவன்’ என்று கர்த்தர் அவரைத் தேற்றவில்லை. ‘நான் உன் வாயோடே இருப்பேன்’ என்றுதான் வாக்களித்தார் (யாத்திராகமம் 4). அதாவது, மோசேயின் குறை மறுக்கப்படவும் இல்லை, அவர் பணியிலிருந்து விடுவிக்கப்படவும் இல்லை. எனவே பயம் தெளிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திராமல், ஆயரிடம் பேசி, ஒரு சிறிய பகுதியை வாசிக்க ஒப்புக்கொள்ளுங்கள். இரண்டொரு சொற்களில் திக்கினாலும் வாசிப்பது வேதபாடம்தான்.

அந்தக் குரல் ஒரே நாளில் ஓய்ந்துவிடும் என்று எதிர்பார்க்கவேண்டாம். ‘என் ஆத்துமாவே, நீ ஏன் கலங்குகிறாய்?’ என்று தன் உள்ளத்தோடு வழக்காடிய சங்கீதக்காரருக்கே 42, 43ஆம் சங்கீதங்களில் அந்தக் கேள்வியை மூன்று முறை கேட்கவேண்டியிருந்தது.

மீண்டும் எலியாவிடம் வருகிறேன். அவரிடம் வந்த தூதன் முதலில் பிரசங்கம் செய்யவில்லை; தழலில் சுட்ட அடையையும் தண்ணீரையும் கொடுத்தான். அவர் புசித்து, மறுபடியும் படுத்துக்கொண்டார். தூதன் திரும்பவும் வந்து எழுப்பிச் சாப்பிடச் சொன்னான் (1 இராஜாக்கள் 19). உங்கள் உறக்கத்தையும் உணவையும் பற்றிக் கடிதத்தில் நீங்கள் ஒன்றும் எழுதவில்லை. அவை வாரக்கணக்கில் கெட்டிருந்தாலோ, வாழ்வே வேண்டாம் என்று தோன்றினாலோ, ஜெபத்தோடு நிறுத்திக்கொள்ளாமல் மனநல மருத்துவரைப் பாருங்கள். அதைக் குறையாகப் பேசுகிறவர்கள், பவுலின் உடன்வேலையாளாகிய லூக்கா ஒரு வைத்தியர் என்பதை மறந்துவிடுகிறார்கள். உங்கள் ஊரிலேயே மனநலத்துக்கான நிம்ஹான்ஸ் மருத்துவமனை இருக்கிறது. 2022இல் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் என்ற தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவையின் 14416 என்ற எண்ணை இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.