பேசினால் படபடப்பு போகுமா?

கேள்வி: எனக்கு வயது 38. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். எட்டு மாதத்துக்கு முன் டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தபோது திடீரென்று நெஞ்சு படபடத்து, கை மரத்து, உயிரே போய்விடும் போல ஆகிவிட்டது. ஈசிஜி, எக்கோ, தைராய்டு எல்லாம் நார்மல். அதன்பிறகும் நாலைந்து தடவை வந்தது. இப்போது பஸ் ஏறுவதே இல்லை. கணவர்தான் பைக்கில் கொண்டுவிடுகிறார். மனநல மருத்துவர் மாத்திரை எழுதிக்கொடுத்து, கூடவே 'சிபிடி' என்ற பேச்சுச் சிகிச்சைக்கும் போகச் சொல்கிறார். தினமும் அக்காவிடம் மனம்விட்டுப் பேசிக்கொண்டுதான் இருக்கிறேன். அதில் போகாதது, காசு கொடுத்து யாரிடமோ பேசினால் போய்விடுமா? இதில் பல வகை உண்டாமே, எனக்கு எது?

பதில்: அக்காவிடம் பேசுவதை விட்டுவிடாதீர்கள். ஆனால் படபடக்கிறது என்று சொன்னால் அவர் என்ன சொல்வார்? "ஒண்ணும் ஆகாது, தண்ணி குடி, வேணும்னா நான் கூட வர்றேன்." பாசத்தில் சொல்வதுதான், அந்த நேரத்துக்கு இதமாகவும் இருக்கும். ஆனால் உங்கள் மனசு அதை எப்படிக் கணக்கு எழுதிக்கொள்கிறது தெரியுமா? 'அக்கா இருந்ததால் பிழைத்தேன்' என்று. அடுத்த தடவை அக்கா இல்லாமல் முடியாது. கணவரின் பைக்கும் அதே வேலையைத்தான் செய்கிறது. பையில் தண்ணீர் பாட்டில், கையில் போன், கதவோர சீட் என்று இன்னும் சிலவும் உங்களிடம் இருக்கும் என்று நினைக்கிறேன். இப்படி வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேரிடம் பார்த்திருக்கிறேன்.

உங்கள் கடிதத்தை வைத்துச் சொன்னால், இது பானிக் அட்டாக், அதாவது திடீரென்று உச்சத்துக்கு எகிறும் பீதி. இது எப்படிச் சுற்றுகிறது என்பதை ஆக்ஸ்ஃபோர்டில் இருந்த உளவியலாளர் டேவிட் கிளார்க் 1986இல் தெளிவாக எழுதினார். புழுக்கத்தாலோ, கூட்டத்தாலோ, காலையில் சாப்பிடாததாலோ நெஞ்சு கொஞ்சம் வேகமாக அடிக்கிறது. 'ஐயோ, ஹார்ட் அட்டாக்' என்ற எண்ணம் வருகிறது. அந்தப் பயத்தில் அட்ரினலின் சுரந்து நெஞ்சு இன்னும் வேகமாக அடிக்கிறது. அது பயத்தை உறுதிப்படுத்துகிறது. சில நிமிடங்களில் உச்சிக்குப் போய்த் தானாகவே இறங்கிவிடும். நீங்களோ உச்சியிலேயே பஸ்ஸை விட்டு இறங்கிவிடுகிறீர்கள். அது தானாக அடங்கும் என்பதைப் பார்க்க உங்களுக்கு வாய்ப்பே கிடைப்பதில்லை.

சிபிடி கை வைப்பது இந்த இடத்தில்தான். எண்ணத்தையும் நடத்தையையும் சேர்த்துத் திருத்தும் சிகிச்சை. முதல் ஓரிரு வாரம் நோட்டுப் போடச் சொல்வார்கள்: எங்கே வந்தது, உடம்பில் என்ன தெரிந்தது, அந்த நொடியில் மனசில் என்ன ஓடியது, என்ன செய்தீர்கள். கணக்கு எழுதுகிறவருக்கு இது கஷ்டமே இல்லை.

அப்புறம்தான் சுவாரசியம். மூக்கைப் பிடித்துக்கொண்டு மெல்லிய ஸ்ட்ரா வழியாக ஒரு நிமிடம் மூச்சு விடச் சொல்வார்கள். சுழல் நாற்காலியில் உட்காரவைத்துச் சுற்றிவிடுவார்கள். நின்ற இடத்திலேயே ஓடச் சொல்வார்கள். பஸ்ஸில் வந்த அதே படபடப்பு, அதே தலைசுற்றல், பத்திரமான ஓர் அறைக்குள் உங்கள் கையாலேயே வரும். வந்து, அடங்கியும் போகும். "உயிர் போகிற மாதிரி இருந்ததே, இதை நானே வரவழைத்தேனா?" என்று சிரித்தபடி கேட்டவர்கள் உண்டு. (தனியாக வீட்டில் செய்து பார்க்க வேண்டாம். ஆஸ்துமா, இதயக் கோளாறு, கர்ப்பம் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.) பிறகு பஸ்: முதலில் நிறுத்தத்தில் நின்றுவிட்டு வருவது, அப்புறம் ஒரே ஒரு ஸ்டாப், அப்புறம் பாட்டில் இல்லாமல், கூட்ட நேரத்தில். வாரம் ஒரு முறை, முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம். பெரும்பாலும் இரண்டு மூன்று மாதத்தில் முடிகிற வேலை. பேச்சு பாதி, வீட்டுப்பாடம் பாதி.

மற்ற வகைகளையும் கேட்டிருக்கிறீர்கள். எல்லாவற்றுக்கும் மூத்தது ஃபிராய்டின் உளப்பகுப்பாய்வு. 'பேசித் தீர்ப்பது' என்ற பெயரையே அவருடைய நண்பரான மருத்துவர் பிராயரிடம் 1880களின் தொடக்கத்தில் சிகிச்சை பெற்ற ஒரு பெண்தான் வைத்தார். 'புகைபோக்கியைச் சுத்தம் செய்வது' என்று கேலியாகவும் சொன்னாராம். அதன் வழிவந்த சிகிச்சைகள் சின்ன வயதிலிருந்து திரும்பத் திரும்ப வரும் உறவுச் சிக்கல்களைத் தோண்டிப் பார்ப்பவை. மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில் ஆகும். நெருங்கியவரின் சாவு, பிரசவம், ஓய்வு, வீட்டுச் சண்டை இவற்றை ஒட்டி மனச்சோர்வு வந்தால் உறவுகளை மையமாக வைக்கும் ஐபிடி நன்றாக வேலை செய்யும். கையை அறுத்துக்கொள்ளும் அளவுக்கு உணர்ச்சி கட்டுக்கடங்காமல் போகிறவர்களுக்காக அமெரிக்க உளவியலாளர் மார்ஷா லினஹன் உருவாக்கிய சிகிச்சை டிபிடி. கணவன் மனைவி, குடும்பம் என்று சேர்த்து உட்காரவைக்கும் வகையும் உண்டு. உங்கள் பிரச்சினைக்கு இவை தேவையில்லை. உங்கள் மருத்துவர் சொன்னது சரியான வகை.

யாரிடம் போவது? 'கவுன்சலிங்' என்று போர்டு மாட்டியிருப்பதை மட்டும் நம்பாதீர்கள். மருத்துவ உளவியலில் எம்.ஃபில். படித்து, இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு செய்தவரா என்று கேளுங்கள். கேட்பதில் கூச்சமே வேண்டாம். மூன்று முறை போன பிறகும் அறிவுரைதான் வருகிறது, வீட்டுப்பாடம் எதுவும் இல்லை என்றால் அது சிபிடி இல்லை, ஆளை மாற்றுங்கள். கட்டணம் கட்டுப்படியாகவில்லையென்றால் அரசு மருத்துவக் கல்லூரி மனநலப் பிரிவில் விசாரியுங்கள். 14416 என்பது டெலி மானஸ், அரசின் இலவச மனநல உதவி எண். 24 மணி நேரமும் தமிழிலும் பேசலாம். வாழ்வதே வேண்டாம் என்ற எண்ணம் எப்போதாவது எட்டிப் பார்த்தால், அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காமல் அன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். இரண்டும் சேர்ந்தே போகலாம். குறைப்பது, நிறுத்துவதையெல்லாம் எழுதிக்கொடுத்தவர் பார்த்துக்கொள்வார். ஆனால் 'அவசரத்துக்கு' என்று பர்ஸில் ஒரு மாத்திரை வைத்துக்கொண்டே திரிந்தால், அதையும் சிகிச்சையாளரிடம் சொல்லிவிடுங்கள். தண்ணீர் பாட்டில் கணக்கில்தான் அதுவும் வரும்.

முதல் நாள் கணவர் பைக்கிலேயே கொண்டுவிடட்டும், தப்பில்லை. அவரும் பத்து நிமிடம் உள்ளே வந்து உட்காரட்டும். எப்போது கூட வருவது, எப்போது வராமல் இருப்பது என்பதை அவரும் தெரிந்துகொள்ள வேண்டும். ஆறேழு வாரம் கழித்து, அதே இடத்துக்கு டவுன் பஸ்ஸில் தனியாக வருவதையே உங்களுக்கு வீட்டுப்பாடமாகக் கொடுத்தாலும் கொடுப்பார்கள்.